மைலுக்கு ஒரு கடனட்டையா, மரக்கறி விலைக்கழிவுக்கு ஒரு கடனட்டையா?

கொழும்பில் வார இறுதியில் சுப்பர்மார்க்கெட் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றால் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "எந்த பேங்க் கார்ட்?" என்பதுதான். இன்றைக்கு ஒரு வங்கிக்கு மரக்கறியில் கழிவு, நாளைக்கு இன்னொன்றுக்கு மீனிலும் இறைச்சியிலும் கழிவு என்று கிழமை நாட்களையே வங்கிகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் ஊர் இது. செலவழிக்கும் காசுக்குப் புள்ளி தந்து, அதை விமானச் சீட்டு எடுக்கும் மைலாக மாற்றவிடும் பயணக் கடனட்டை எடுக்கலாமா என்ற யோசனையை இந்தக் கல்லாவில் இருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்காவில் எழுதப்படும் ஆலோசனைகள் இங்கே பாதிதான் பொருந்தும். அங்கே அட்டை எடுத்த முதல் சில மாதங்களிலேயே ஒரு விமானச் சீட்டுக்குப் போதுமான புள்ளிகளை வரவேற்புப் பரிசாகக் கொடுத்துவிடுகிறார்கள். இங்கே அந்த அளவுக்கு யாரும் அள்ளிக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு புள்ளியையும் செலவழித்துத்தான் சேர்க்க வேண்டும்.

முதல் வடிகட்டி: முழுத் தொகையும் கட்டுபவரா?

மாதா மாதம் ஸ்டேட்மென்டில் உள்ள தொகையைச் சதம் மிச்சமில்லாமல் கட்டாதவருக்கு எந்தப் பயண அட்டையும் வேண்டாம். இதில் விவாதத்துக்கு இடமில்லை, கணக்கு மட்டுமே. 2022 நெருக்கடியில் கடனட்டை வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தையும் தாண்டிப் போனது. 2023 ஒகஸ்டில் மத்திய வங்கி 28 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்தது. கணக்குக்கு 26 என்று எடுத்துக்கொள்வோம். ஒரு இலட்சம் ரூபாயை ஒரு மாதம் இழுத்தடித்தால் வட்டி ஏறத்தாழ 2,170 ரூபாய். அதே ஒரு இலட்சத்துக்குக் கிடைக்கும் மைல்களின் பெறுமதி, கீழே பார்க்கப்போவது போல, 1,500 ரூபாய்க்கு மேலே போவது கடினம்.

பலர் வேண்டுமென்று இழுத்தடிப்பதில்லை, தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தில் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும் பகுதியில் இரண்டு பெட்டிகள் இருக்கும்: முழுத் தொகை, குறைந்தபட்சத் தொகை. விற்பனைக்கு வரும் பிள்ளை அவசரத்தில் இரண்டாவதில் சரி போட்டுவிட்டால், "பேங்க்தானே கட்டுகிறது" என்று நீங்கள் இருக்கும்போது மிச்சத்துக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். அந்த வட்டியும் கடைசித் தவணை நாளிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும். கடைசி நாள் போயா தினத்திலோ நீண்ட வார இறுதியிலோ விழுந்தால் காசோலை உரிய நேரத்தில் போய்ச் சேராது. ஒன்லைனில் வங்கிக்கு வங்கி உடனடி மாற்றம் செய்வதே பாதுகாப்பு, அதையும் இரண்டு நாள் முந்திச் செய்வது நல்லது. தாமதங்கள் க்ரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் ஏறும். நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது அதுதான் முதலில் மேசைக்கு வரும்.

கடனட்டையால் ஏடிஎம்மில் காசு எடுப்பது இன்னும் மோசம். கட்டணமும் உண்டு, முதல் நாளிலிருந்தே வட்டியும் உண்டு, புள்ளி மட்டும் இல்லை.

எதற்குப் புள்ளி விழும்?

விளம்பரத்தில் "ஒவ்வொரு செலவுக்கும் புள்ளி" என்றிருக்கும். நிபந்தனைப் பக்கத்தைத் திறந்தால், பெற்றோல் செட், மின்சாரம், தண்ணீர், தொலைபேசிக் கட்டணங்கள், காப்புறுதித் தவணை, அரச கொடுப்பனவுகள், பாடசாலைக் கட்டணம், வட்டியில்லாத் தவணைத் திட்டங்கள் என்று ஒரு நீண்ட விலக்குப் பட்டியல் இருக்கும். வங்கிக்கு வங்கி மாறும், ஆனால் பெற்றோலும் வீட்டுக் கட்டணங்களும் பெரும்பாலும் அதில் இருக்கும். கொழும்புக் குடும்பத்தின் பெரிய செலவுகளே அவைதான்.

இன்னொரு பொறி, வணிக வகைக் குறியீடு. கடையின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வங்கி பார்ப்பதில்லை. அந்தக் கடையின் கார்ட் மெஷினுக்கு என்ன குறியீடு கொடுக்கப்பட்டிருக்கிறதோ அதையே பார்க்கும். பெற்றோல் செட் வளவுக்குள் இருக்கும் சிறுகடையில் பால்மா வாங்கினாலும் எரிபொருளாகப் பதிவாகலாம். விமானச் சீட்டுக்கு இரட்டைப் புள்ளி என்று அட்டை சொல்லும். பம்பலப்பிட்டியில் உள்ள பயண முகவரிடம் வாங்கினால் அது விமான நிறுவனம் அல்ல, முகவர் நிலையம், ஆகவே ஒற்றைப் புள்ளி. இரட்டைப் புள்ளி வேண்டுமென்றால் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ அலுவலகத்திலோ வாங்க வேண்டும்.

செட்டியார் தெரு தனிக்கதை. கார்ட் நீட்டினால் இரண்டரை, மூன்று சதவீதம் கூடுதலாகக் கேட்கும் நகைக்கடைகள் உண்டு. மேலதிகமாக அறவிடக் கூடாது, அறவிட்டால் அட்டையை வழங்கிய வங்கியிடம் முறையிடுங்கள் என்று மத்திய வங்கி சொல்லியிருக்கிறது. கடைக்காரரோ அதையே "காசென்றால் இந்த விலை" என்று மாற்றிச் சொல்லிவிடுவார். ஐந்து இலட்சத்துக்கு நகை வாங்கி மூன்று சதவீதம் கொடுத்தால் 15,000 ரூபாய் போகும். வரும் மைல்களின் பெறுமதி அதில் பாதி. கலியாண வீட்டுச் செலவைக் காட்டிப் புள்ளிக் கணக்குப் போடுபவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு மைல் எத்தனை ரூபாய்?

வழி எளியது. காசு கொடுத்து வாங்கினால் சீட்டின் விலை என்ன என்று பாருங்கள். மைல் கொடுத்து எடுத்தாலும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரிகளையும் கட்டணங்களையும் அதில் கழியுங்கள். மிச்சத்தைத் தேவையான மைல்களால் வகுங்கள். விமான நிலைய வரியை மைல் தீர்க்காது என்பதால் நடுப்படியைத் தவறவிட்டால் கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும்.

உதாரணத்துக்கு, சென்னைக்குப் போய்வர 70,000 ரூபாய், மைலில் எடுத்தாலும் 30,000 கட்ட வேண்டும், தேவை 16,000 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மைல் இரண்டரை ரூபாய். ஆனால் இந்த 70,000 எந்த விமானத்தின் விலை? கொழும்பு–சென்னைப் பாதையில் ஸ்ரீலங்கனோடு இன்டிகோவும் பறக்கிறது. மலிவான சீட்டு 55,000க்குக் கிடைக்கும் நாளில் உங்கள் மைல் ஒன்றரை ரூபாய்தான். நீங்கள் மைல் வைத்திருக்கும் நிறுவனத்தின் விலையோடு அல்ல, மைல் இல்லாவிட்டால் உண்மையில் எதில் போயிருப்பீர்களோ அதன் விலையோடுதான் ஒப்பிட வேண்டும். ஊர் வடக்கில் இருப்பவர்களுக்கு பலாலி–சென்னை விமானமும் காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பலும் இருக்கின்றன. அவர்களுக்குக் கட்டுநாயக்க வழி போகும் மைல் சீட்டின் பெறுமதி இன்னும் குறையும்.

பிஸ்னஸ் வகுப்பில் கணக்கு அழகாக இருக்கும். இலண்டனுக்கு ஒன்பது இலட்ச ரூபாய்ச் சீட்டை மைலில் எடுத்தால் ஒரு மைல் ஐந்து, ஆறு ரூபாய் என்று வரும். அந்த ஒன்பது இலட்சத்தை நீங்கள் காசாக ஒருநாளும் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்றால் அந்த ஐந்து ரூபாய் காகிதக் கணக்குத்தான். படுத்துக்கொண்டு போவது சுகம், மறுக்கவில்லை. சுகத்தைச் சேமிப்பென்று எழுதாமல் இருந்தால் போதும்.

மைல் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது: அவசரப் பயணம். ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ ஒரு செத்தவீடு, நாளை மறுநாள் போக வேண்டும். காசு விலை இரட்டிப்பாக நிற்கும்போது மைல் சீட்டு இருந்தால் பழைய அளவு மைலிலேயே கிடைக்க வாய்ப்புண்டு. ஸ்ரீலங்கன் 2014 மே மாதத்தில் வன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்ததால், அதன் மைல் திட்டமான ஃபிளைஸ்மைல்ஸ் கணக்கில் உள்ள மைல்களைக் கட்டார் எயார்வேஸ், பிரிட்டிஷ் எயார்வேஸ், கதே பசிபிக், மலேசியா எயார்லைன்ஸ் போன்றவற்றிலும் பயன்படுத்த வழி இருக்கிறது. உறவுகள் நாலு கண்டத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. வெளிநாட்டுப் பாடசாலை விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் கூடி வரும் ஓகஸ்டில் மட்டும் மைல் சீட்டை நம்பியிருக்க வேண்டாம்.

இரண்டு இலட்ச ரூபாய்க் குடும்பத்தின் கணக்கு

மாதச் செலவு இரண்டு இலட்சம். பாடசாலைக் கட்டணம் 50,000, பெற்றோல் 30,000, மின்சாரம் முதலியன 20,000. இந்த ஒரு இலட்சத்துக்கும் புள்ளி இல்லை. சுப்பர்மார்க்கெட் 60,000, உடுப்பு, மருந்து, வெளியே சாப்பாடு 40,000. புள்ளி விழுவது இந்த ஒரு இலட்சத்துக்குத்தான். நூறு ரூபாய்க்கு ஒரு புள்ளி, இரண்டு புள்ளிக்கு ஒரு மைல் என்று எடுத்தால் மாதம் 500, வருடம் 6,000 மைல். மைலுக்குத் தாராளமாக மூன்று ரூபாய் போட்டாலும் 18,000 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 12,000 என்றால் கையில் நிற்பது 6,000. சென்னைச் சீட்டுக்கு வேண்டிய 16,000 மைல் சேர இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும்.

இனி கழிவு அட்டை. அந்த 60,000இல் மரக்கறி, பழம், மீன், இறைச்சி 25,000 இருக்கும். பெரும்பாலான சலுகைகள் இவற்றுக்குத்தான். அரிசிக்கும் சவர்க்காரத்துக்கும் இல்லை. சலுகை நாளில் பாதியை மட்டும் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். 12,500க்கு 20 சதவீதம், மாதம் 2,500, வருடம் 30,000 ரூபாய். வரியும் இல்லை, காலாவதியும் இல்லை, அன்றைக்கே பில்லில் கழிகிறது. ஒரு பில்லுக்கு இவ்வளவுக்கு மேல் கழிவில்லை என்ற வரம்பைப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். கழிவுக்காகத் தேவையில்லாத இறாலை வாங்கி ஃப்ரீசரை நிரப்புபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இந்த எண்கள் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் வங்கியின் வீதங்களைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான சம்பளக் குடும்பங்களுக்கு விடை இதே பக்கம்தான் சாயும் என்பது எங்கள் கணிப்பு. மைல் பக்கம் சாய வேண்டுமென்றால் புள்ளி விழும் செலவு மாதம் நான்கு, ஐந்து இலட்சமாவது இருக்க வேண்டும். அல்லது அலுவலகப் பயணச் செலவை உங்கள் அட்டையில் போட்டு, நிறுவனம் திருப்பித் தரும் ஏற்பாடு இருக்க வேண்டும். இரண்டாவது ஏற்பாட்டில் இருப்பவர்கள் பயண அட்டை எடுக்காமல் இருந்தால்தான் பிழை. ஒரு எச்சரிக்கை: நிறுவனத்தின் காசு உங்கள் தவணை நாளுக்குப் பிந்தி வந்தால் வட்டி உங்கள் தலையில்.

வெளிநாட்டில் உரசும்போது

பயண அட்டை என்ற பெயரைப் பார்த்து வெளிநாட்டுச் செலவுக்கு இது மலிவு என்று நினைப்பது பரவலான தவறு. ரூபாயில் வழங்கப்பட்ட கடனட்டையை வெளிநாட்டில் பயன்படுத்தினால் நாணய மாற்றில் வங்கியின் கூடுதல் வீதமும், அரசின் முத்திரைத் தீர்வையும் சேரும். இரண்டும் சேர்ந்து ஐந்து சதவீதம் என்று வையுங்கள். 500 டொலர் ஹொட்டேல் பில், டொலர் 300 ரூபாய் என்றால் ஒன்றரை இலட்சம், மேலதிகச் செலவு 7,500. இரட்டைப் புள்ளி தந்தாலும் 1,500 மைல், அதாவது 4,500 ரூபாய். நட்டத்தைக் குறைக்கிறதே தவிர இலாபமாக்கவில்லை.

கொழும்பிலிருந்தபடி வெளிநாட்டுத் தளத்தில் ஹொட்டேல் பதிவு செய்யும்போது விலை ரூபாயில் காட்டப்பட்டாலும், கொடுக்கல் வாங்கல் வெளிநாட்டில் நடந்தால் இதே கட்டணங்கள் வரலாம். அதோடு வெளிநாட்டுக் கடையில் மெஷின் "இலங்கை ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா?" என்று கேட்டால் எப்போதும் உள்ளூர் நாணயம். ரூபாயை அழுத்தினால் அந்தக் கடையின் வங்கி தனக்குப் பிடித்த மாற்று விகிதத்தைப் போடும். சிங்கப்பூர் முஸ்தபாவிலும் அதே, சென்னைத் தியாகராய நகரிலும் அதே.

டொலரில் வருமானம் உள்ளவர்கள், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தை டொலராகவே வைத்திருப்பவர்கள், தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கோடு இணைந்த டெபிட் அட்டையை முதலில் பார்க்க வேண்டும். டொலர் டொலராகவே போகும்; ரூபாயாக்கித் திரும்ப டொலராக்கும் இரட்டை இழப்பு இல்லை. வெளிநாட்டுச் செலவு மட்டும்தான் நோக்கம் என்றால் எந்தப் புள்ளி அட்டையையும் இது வெல்லும்.

லவுஞ்சும் காப்புறுதியும்

கட்டுநாயக்கவில் லவுஞ்ச் நுழைவு என்பது அட்டை விற்பவர்களின் கடைசி அம்பு. வருடத்துக்கு இரண்டு முறை பறப்பவருக்கு அது இரண்டு சாப்பாடும் ஒரு சாய்வு நாற்காலியும். இலவச நுழைவு முதன்மை அட்டைக்காரருக்கு மட்டும் என்றிருந்தால், கூட வந்த மனைவிக்கும் பிள்ளைக்கும் உரிய கட்டணம் டொலரில் அடுத்த மாத ஸ்டேட்மென்டில் வந்து நிற்கும். வாசலில் யாரும் சொல்ல மாட்டார்கள். முந்திய மாதங்களில் இவ்வளவு செலவழித்திருந்தால்தான் இலவசம் என்ற நிபந்தனையும் பரவலாக இருக்கிறது.

காப்புறுதி அதைவிடப் பெறுமதியானது, ஆனால் மூன்று இடத்தில் வழுக்கும். சீட்டை அதே அட்டையால் வாங்கியிருக்க வேண்டும்; மைலில் எடுத்த சீட்டுக்குப் பொருந்துமா என்று தனியாகக் கேட்க வேண்டும். வயது வரம்பும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான விலக்கும் இருக்கும். அம்மாவைச் சென்னைக்குச் சிகிச்சைக்குக் கூட்டிப்போகும் பயணத்துக்கு இது உதவாது. ஷெங்கன் வீசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு வேண்டும், அதைப் பெயர், திகதி, நாடுகள் குறிப்பிட்ட சான்றிதழாகக் கொடுக்க வேண்டும். அட்டையின் விளம்பரத் தாளைக் கொண்டுபோனால் வீசா நிலையத்தில் திருப்பி அனுப்புவார்கள். அந்தச் சான்றிதழை எத்தனை நாளில் தருவீர்கள் என்று வங்கியிடம் கேளுங்கள். பதில் இழுபட்டால் தனியாகக் காப்புறுதி வாங்கிவிடுவது நிம்மதி.

விமான நிறுவன அட்டையா, வங்கிப் புள்ளி அட்டையா?

பயண அட்டைதான் என்று முடிவெடுத்தவர்களுக்கு அடுத்த கேள்வி இது. செலவழித்தவுடன் மைலாகவே ஒரே நிறுவனத்தின் கணக்கில் விழுவது ஒரு வகை. வங்கியில் புள்ளியாகக் கிடந்து, வேண்டியபோது பல நிறுவனங்களில் ஒன்றுக்கு மாற்றுவது மற்றது. வங்கிப் புள்ளிதான் எங்கள் தெரிவு. விமான நிறுவனம் தன் மைல் பட்டியலை ஒரே இரவில் கூட்டினாலும் உங்கள் புள்ளிக்கு வேறு வாசல் திறந்திருக்கும். காலாவதியும் ஒரு காரணம்: சிங்கப்பூர் எயார்லைன்ஸின் கிறிஸ்ஃபிளையர் மைல் மூன்று வருடத்தில் முடியும். கட்டாரும் பிரிட்டிஷ் எயார்வேஸும் பயன்படுத்தும் ஏவியோஸ், 36 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் போய்விடும். கதேயின் ஏசியா மைல்ஸுக்கு 18 மாதம்தான். புள்ளியாக இருக்கும்வரை இந்தக் கடிகாரங்கள் ஓடத் தொடங்குவதில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. வங்கியே மாறலாம். எச்எஸ்பிசி தனது இலங்கைச் சில்லறை வங்கிப் பிரிவை நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கிக்கு விற்பதாக 2025இல் அறிவித்தது. ஒரு வங்கி கைமாறும்போது அட்டையின் நிபந்தனைகளும் புதிய கையின் விருப்பத்துக்கு வரும். ரூபாய் சரிவதும் ஒன்று. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டபோது, ரூபாய் வவுச்சராக மட்டும் மாற்றக்கூடிய புள்ளிகளின் பெறுமதி ஏறத்தாழப் பாதியானது. மைலாக மாற்றியவர்களின் சீட்டுக்குத் தேவையான மைல் அதற்காகக் கூடவில்லை. ஆகவே புள்ளியை ஐந்து வருடம் பூட்டி வைக்கவும் வேண்டாம்.

மாற்றும்போது ஒழுங்கு முக்கியம். முதலில் விமான நிறுவனத் தளத்தில் நீங்கள் போகும் நாளுக்கு மைல் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மாற்றுங்கள். மாற்றிய புள்ளி திரும்பி வராது, போய்ச் சேரவும் சில நாட்கள் எடுக்கலாம். நம் பெயர்களில் தனிச் சிக்கல் ஒன்று. அட்டையில் தலைப்பெழுத்தோடு பெயர், கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முழுதாக, மைல் கணக்கில் இரண்டும் இடம் மாறி. பெயர் ஒத்துப்போகவில்லை என்று மாற்றம் நிராகரிக்கப்படும், அல்லது சீட்டு வேறு பெயரில் வரும். மைல் கணக்கைத் திறக்கும் அன்றைக்கே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்தெழுத்தாகப் போட்டு, அட்டைப் பெயரையும் அதற்கேற்ப வங்கியில் திருத்திக்கொள்ளுங்கள்.

எடுப்பதும் விடுவதும்

விண்ணப்பத்துக்குத் தேசிய அடையாள அட்டை, சம்பளச் சிலிப், வேலையிடக் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை, முகவரிக்கு ஒரு பில் போதும். சொந்தத் தொழில் செய்பவர்களும் ஓய்வூதியர்களும் நிலையான வைப்பை ஈடாக வைத்து அட்டை எடுக்கலாம். அந்த வைப்பு அட்டை மூடும்வரை பூட்டியிருக்கும். கடன் வரம்பை வங்கி தருகிறதே என்று உச்சத்துக்கு ஏற்ற வேண்டாம். அந்த வரம்பும் க்ரிப்பில் தெரியும், வீட்டுக்கடன் கணக்கிடும்போது எதிராக நிற்கும்.

முதல் வருடம் ஆண்டுக் கட்டணம் இல்லாமல் எடுங்கள். பதினோராம் மாதம் சேர்ந்த மைல்களை மேலே சொன்னபடி ரூபாயாக்கிப் பாருங்கள். கட்டணத்தைத் தாண்டவில்லை என்றால் வங்கிக்கு அழைத்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லுங்கள். அட்டையை மூடப்போவதாகச் சொன்ன பிறகு பலருக்குக் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் முதலில் புள்ளிகளை மாற்றுங்கள், மூடியபின் அவை போய்விடும். அட்டையில் கட்டிவைத்த மாதச் சந்தாக்களை வேறு அட்டைக்கு நகர்த்துங்கள், துணை அட்டைகளையும் மீளக் கொடுங்கள். கடைசி ஸ்டேட்மென்ட் சுழியமாக வந்ததும் மூடியதற்கான கடிதம் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள். பிந்தி விழுந்த முந்நூறு ரூபாய்ச் சந்தா ஒன்று கட்டாமல் கிடந்து, தாமதக் கட்டணமும் வட்டியும் சேர்ந்து க்ரிப்பில் ஏறினால் அதைத் துடைக்க இந்தக் கடிதம்தான் கைகொடுக்கும்.